ஃபோர்க் பைப் பூச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஆயில் சீல் மாற்ற வருகிறவர்கள், சீலைப் பற்றித் தொடங்கிய பேச்சைச் சற்று நேரத்தில் தங்க நிறப் பைப், கருப்பு நிறப் பைப் என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

ஃபோர்க்ல கோட்டிங்னு சொல்றாங்களே, அது எந்த இடத்துல இருக்கு?

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு குழாய்கள் உண்டு. உள்ளே இருப்பது எஃகுக் குழாய், பைப் என்று சொல்வது இதையே. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு இதன் மேல்தான் உரசிக்கொண்டே இருக்கும். வெளியே இருப்பது அலுமினியக் குழாய். வழக்கமான ஃபோர்க்கில் எஃகுக் குழாய் மேலே கிளாம்பில் பிடிக்கப்பட்டிருக்கும். தலைகீழ் ஃபோர்க்கில் அது கீழே சக்கர அச்சுப் பக்கம் இருக்கும். இந்தப் பக்கத்தில் பூச்சு என்று சொல்லும்போதெல்லாம், வேறு விதமாகக் குறிப்பிடாதவரை, எஃகு உள்குழாயின் மேற்பரப்பையே குறிக்கிறேன்.

என் வண்டியில ஃபோர்க் தங்கக் கலர்லதான் இருக்கு. அப்போ அது டைட்டானியம் கோட்டிங்தானே?

பெரும்பாலும் இல்லை. யமஹா ஆர்15 நான்காம் பதிப்பு, எம்டி-15 இரண்டாம் பதிப்பு போன்ற வண்டிகளில் தங்க நிறமாகத் தெரிவது மேலே இருக்கும் அலுமினிய வெளிக்குழாய். அலுமினியத்தை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, அதன் மேற்பரப்பிலேயே நுண்துளைகள் கொண்ட ஆக்சைடு படலத்தை வளர்த்து, அந்தத் துளைகளில் சாயம் ஏற்றி மூடுவதால் கிடைக்கும் நிறம் அது. ஆனோடைசிங் என்று சொல்வது இதைத்தான். அந்த நிறத்துக்கும் ஃபோர்க் சறுக்கும் விதத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தூசி புகாமல் தடுக்கும் டஸ்ட் சீலுக்குக் கீழே, சக்கரத்துக்கு அருகில் தெரியும் குழாயைப் பாருங்கள். அது வெள்ளிபோல் இருந்தால் சாதாரணக் குரோம். பித்தளையை ஒத்த மஞ்சள் நிறத்தில் இருந்தால்தான், டைட்டானியம் கோட்டிங் என்று பேச்சில் சொல்லப்படும் டைட்டானியம் நைட்ரைடாக இருக்க வாய்ப்பு உண்டு. ஓலின்ஸ் நிறுவனத்தின் எஃப்ஜிஆர்டி வகை ஃபோர்க்குகளில் வெளிக்குழாயும் தங்க நிறம், உள்குழாயும் தங்க நிறம். முன்னது ஆனோடைஸ், பின்னது டைட்டானியம் நைட்ரைடு. இந்தக் குழப்பம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கம்பெனி குரோமே பளபளன்னுதானே இருக்கு? அதுவும் ஒரு அலங்காரம்தானா?

குரோமில் இரண்டு வகை உண்டு. சைலன்சர், ஹேண்டில்பார் போன்றவற்றில் இருப்பது அலங்காரக் குரோம்: அடியில் தடிமனாக நிக்கல், அதற்கு மேலே அரை மைக்ரானைக்கூடத் தொடாத குரோம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அங்கே பளபளப்பையும் துருத் தடுப்பையும் பெரும்பாலும் நிக்கலே தருகிறது. ஃபோர்க் பைப்பில் இருப்பது ஹார்டு குரோம். இது பொதுவாக 10 முதல் 25 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. கடினத்தன்மை, விக்கர்ஸ் என்ற அலகில், 800 முதல் 1000 வரை இருக்கும். லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலமும் அதில் நூறில் ஒரு பங்கு சல்பேட்டும் கலந்த தொட்டியில், 50 முதல் 55 டிகிரி செல்சியஸில், அதிக மின்னோட்டம் செலுத்தி இதை ஏற்றுகிறார்கள். ஏற்றியபின் கிரைண்டிங் செய்து, மெருகேற்றினால்தான் அது சீலுக்குப் பொருத்தமான பரப்பாகும். ஆகவே பைப்பில் தெரியும் பளபளப்பு கிரைண்டிங் சக்கரமும் பாலிஷும் கொடுத்தது.

பட்டறைக்குப் பைப்பைக் கொடுக்கும்போது "குரோம் போட்டுத் தாங்க" என்று மட்டும் சொன்னால், சில இடங்களில் அலங்காரக் குரோமைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். சீலின் உதட்டுக்குக் கீழே அது நெடுநாள் தாங்காது.

அவ்வளவு கெட்டியான குரோம்னா, ஏன் புள்ளி புள்ளியாத் துரு வருது?

ஹார்டு குரோம் படியும்போதே அதற்குள் இழுவிசை சேர்ந்துகொண்டே போவதால், அது கண்ணுக்குத் தெரியாத வலைபோல வெடித்தபடிதான் வளர்கிறது. இந்த நுண்வெடிப்புகளில் கொஞ்சம் எண்ணெய் தங்குவது சறுக்கலுக்கு நல்லது. ஆனால் உப்பும் ஈரமும் அதே வழியாக எஃகைத் தொட்டுவிட்டால், துரு குரோமுக்கு அடியில் உருவாகி, பருத்து, குரோமை மேலே தள்ளிப் பெயர்க்கிறது. தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளிலும், மழைக்காலம் முழுவதும் வெளியில் அசையாமல் நின்ற வண்டிகளிலும் இது சீக்கிரம் வரும். ஓடும் வண்டியில் சீல் மேலும் கீழும் போய்வரும் பகுதி எண்ணெய்ப் படலத்தால் காக்கப்படுகிறது. வழக்கமான ஃபோர்க்கில், சீல் தொடாத மேல் பகுதியில்தான் புள்ளிகள் முதலில் தோன்றும்.

விரல் நகத்தைக் குழாயின் நீளவாக்கில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாத கறை வெறும் கறைதான், துடைத்தால் போய்விடும். நகம் ஒரு புள்ளியில் தட்டினால், ஒவ்வொரு அசைவிலும் சீலின் உதடும் அங்கே தட்டிக் கிழிகிறது என்று பொருள்.

டைட்டானியம் நைட்ரைடு, டிஎல்சி ரெண்டையும் எப்படிப் போடுறாங்க? என்ன வித்தியாசம்?

இரண்டுமே வெற்றிடக் கலத்தில் படிய வைக்கப்படும் மென்படலங்கள். டைட்டானியம் நைட்ரைடுக்கு, காற்று நீக்கிய கலத்தில் டைட்டானியத் தகட்டிலிருந்து அணுக்களைப் பெயர்த்து, உள்ளே விடப்படும் நைட்ரஜனோடு சேர்த்து, சுழலும் குழாயின் மேல் படிய வைக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் தங்க நிறத் துளைபோடும் பிட்டுகளின் மேல் இருப்பதும் இதே பொருள்தான். கடினத்தன்மை 2000 விக்கர்ஸுக்கு மேல் இருக்கும். டிஎல்சி (டைமண்ட்-லைக் கார்பன்) என்பது வைரத்தையும் கிராஃபைட்டையும் போன்ற பிணைப்புகள் கலந்த, படிக ஒழுங்கு இல்லாத கரிமப் படலம், நிறம் கருப்பு. அதன் கடினத்தன்மை தயாரிக்கும் முறையைப் பொறுத்து ஏறக்குறைய 1500 முதல் 3000 விக்கர்ஸ் வரை மாறும். இது எஃகில் நேரடியாக நன்றாக ஒட்டாது என்பதால், குரோமியம் போன்ற ஓர் ஒட்டுப்படலத்தை முதலில் போட்ட பிறகே இதைப் போடுவார்கள்.

இரண்டின் தடிமனும் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மைக்ரான் வரைதான். ஆகவே பூசிய பிறகு பழைய சீல், பழைய புஷ் (இரண்டு குழாய்களுக்கும் இடையில் சறுக்கும் வளையம்) அளவுகளே பொருந்தும். பெரிய வித்தியாசம் உராய்வில் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் எஃகோடு உரசும்போது டைட்டானியம் நைட்ரைடின் உராய்வுக் கெழு 0.4 அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். டிஎல்சிக்கு அது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 வரைதான். அதாவது தங்க நிறப் பூச்சு கடினமானது, தேயாதது. ஆனால் தானாகவே வழுக்கும் பொருள் அன்று. ஃபோர்க்கில் எண்ணெய் இருப்பதால் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தியது. 2001-இல் வந்த முதல் வடிவத்தில் தங்க நிற டைட்டானியம் நைட்ரைடு உள்குழாய். 2003 வடிவத்தில் கருப்பு டிஎல்சி.

இதைப் போட்டா முன்பக்கம் நிஜமாவே ஸ்மூத் ஆகுமா?

அதிகம் கேட்கப்படுவதும், கேட்டவர் விரும்பாத பதிலைப் பெறுவதும் இந்தக் கேள்விதான். வித்தியாசம் உண்டு, ஆனால் உங்கள் ஃபோர்க் இப்போது இறுக்கமாக இருப்பதற்குக் குரோம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபோர்க்கில் உரசுவது சீல் மட்டும் அன்று. புஷ்கள் உரசுகின்றன, பிரேக் பிடிக்கும்போது குழாய் பின்னோக்கி வளைய முயல்வதால் அவற்றின் மேல் விழும் சுமை பல மடங்காகிறது. டெஃப்லான் பூசிய புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால், சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு நிற வெண்கலம் திட்டாகத் தெரியும். அந்த நிலையில் இருக்கும் புஷ்ஷை மாற்றாமல் பைப்புக்கு டிஎல்சி போடுவது வீண் செலவு.

இன்னும் எளிய காரணம் அச்சுச் சீரமைப்பு. சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் அச்சின் இருபுறப் பிடிப்பு போல்ட்டுகளையும் ஒரேயடியாக இறுக்கிவிட்டால், இரண்டு கால்களும் இணையாக இல்லாமல் ஒன்றையொன்று இழுத்தபடி நின்றுவிடும். ஒரு பக்கப் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நான்கைந்து முறை அழுத்திவிட்டு, பிறகு இறுக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஆனால் பல வண்டிகளில் இதன் பலன் எந்தப் பூச்சு தருவதையும்விட அதிகம்.

நீங்களே அளந்து பார்க்கலாம். ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, ஒருவர் முன்பக்கத்தை அழுத்தி மிக மெதுவாக விட்டு, அது ஏறி நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி அதேபோல் மெதுவாக விட்டு, இறங்கி நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும். உராய்வே இல்லாத ஃபோர்க்கில் இரண்டு குறிகளும் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் ஃபோர்க்கின் மொத்த உராய்வு. சீல், புஷ், எண்ணெய், அச்சு ஆகிய நான்கையும் சரிசெய்த பிறகு திரும்ப அளந்து, மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பூச்சைப் பற்றி முடிவெடுங்கள்.

அப்போ ரேஸ் பைக்குக்கு மட்டும் ஏன் போடுறாங்க?

மேலே சொன்ன நான்கும் அங்கே ஏற்கெனவே சரியாக இருப்பதால். பிரேக்கை விட்டு வளைவுக்குள் நுழையும் கணத்தில், சிறிய மேடுகளுக்கு ஃபோர்க் நின்று நின்று நகராமல் தொடர்ந்து நகர வேண்டும் என்பதே அவர்களின் தேவை. சிறிய உராய்வு மிச்சமும் டயரின் பிடிப்பில் தெரியும் இடம் அது. ஊருக்குள் ஓட்டும் 150 சிசி வண்டியில் தெரிவது பெரும்பாலும் நிறம்தான். நிறத்துக்காகப் போடுவதும் தவறில்லை. ஆனால் நிறத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பழைய பைப்புல துருப் புள்ளி இருக்கு. அது மேலேயே கோட்டிங் போட்டா மூடிடாதா?

மூடாது. இரண்டு மைக்ரான் படலம் அடியில் இருக்கும் மேடு பள்ளத்தை அப்படியே நகல் எடுக்கும். குழி குழியாகவே இருக்கும், தங்க நிறத்தில். போதாக்குறைக்கு, குழிக்குள் தங்கிய ஈரமும் எண்ணெயும் வெற்றிடத்தில் ஆவியாகி, அந்த இடத்தைச் சுற்றிப் படலம் ஒட்டாமல் உரிந்துவிடும். நல்ல பட்டறை அப்படிப்பட்ட பைப்பை வாங்கவே வாங்காது.

முறையான வேலை இப்படி நடக்கும்: பழைய குரோமைக் காரக் கரைசலில் மின்னோட்டத்தைத் திருப்பிச் செலுத்திக் கழற்றுவார்கள், குழிகளைச் சரிசெய்து, குழாயைக் கிரைண்ட் செய்வார்கள், தேவையான அளவைவிடக் கூடுதலாகப் புதிய ஹார்டு குரோம் ஏற்றி, மீண்டும் அளவுக்குக் கிரைண்ட் செய்து மெருகேற்றுவார்கள். அதன் பிறகுதான் மென்படலம். நிறப் பூச்சுக்கு ஆகும் காலத்தைவிட இந்த அடிவேலைக்கு ஆகும் காலம் அதிகம். கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இங்கே போவதும் நியாயம்தான்.

குரோமே வேண்டாம், நேரா எஃகு மேல போட்டா என்ன?

இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, மென்மையான எஃகின் மேல் இருக்கும் மிகக் கடினமான மென்படலம் மெத்தைமேல் வைத்த கண்ணாடியைப் போன்றது: ஒரு கல் தெறித்தால் எஃகு அமுங்கும், படலம் அமுங்க முடியாமல் உடையும். இடையில் ஹார்டு குரோம் இருந்தால் அது படலத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, இந்தப் படலங்களில் ஊசித்துளைகள் இல்லாமல் இருப்பது அரிது. ஆகவே இந்தப் படலங்கள் தேய்மானத்தைத் தடுக்கும் அளவுக்குத் துருவைத் தடுப்பதில்லை. குரோமின் நுண்வெடிப்பைப் பற்றி முன்பு சொன்னதைக் கணக்கில் கொண்டால், கடலோரத்தில் ஓடும் வண்டிக்குக் குரோமுக்கும் அடியில் ஒரு நிக்கல் படலம் போடச் சொல்லிக் கேட்பது நல்லது.

கலத்துல சூடு பண்ணுவாங்களாமே, பைப் கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகலாம் என்பதால்தான் கொடுப்பதற்கு முன் வெப்பநிலையைக் கேட்க வேண்டும். துளைபோடும் பிட்டுகளுக்கு டைட்டானியம் நைட்ரைடு பூசும் வழக்கமான முறை 400 முதல் 500 டிகிரி வரை போகும். ஹார்டு குரோமோ 200 டிகிரிக்கு மேல் போகப் போகத் தன் கடினத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். 400 டிகிரியைத் தாண்டினால் அந்த இழப்பு பெரிது. குழாயின் எஃகும் பதம் தளரலாம், நீளமான மெல்லிய குழாய் கோணவும் கூடும். ஃபோர்க் பைப்புக்கு இதனால் குறைந்த வெப்பநிலை முறைகளையே பயன்படுத்த வேண்டும். டிஎல்சியைப் பொதுவாக 150 முதல் 250 டிகிரிக்குள் போட முடியும் என்பது இங்கே அதற்கு ஒரு சாதகம். வெட்டுக்கருவிகளுக்கு மட்டும் பூசிப் பழகிய இடத்தில் பைப்பைக் கொடுப்பதற்கு நான் தயங்குவேன்.

செலவில்லாம கருப்பாக்கணும். பவுடர் கோட்டிங், பெயிண்ட், ஸ்டிக்கர் எதாவது?

சீல் போய்வரும் பகுதியில் இவற்றில் எதுவும் கூடாது. பவுடர் கோட்டிங் பல பத்து மைக்ரான் தடிமன் கொண்டது. சீலின் உதடு அதைச் சுரண்டி எண்ணெய்க்குள் தள்ளிவிடும். கருப்புக் குரோமும் அலங்காரத்துக்கு உரிய மெல்லிய படிவுதான். "நானோ செராமிக்" என்று தெளிப்பானில் விற்கப்படுபவை பெயிண்ட் மேல் போட ஏற்றவை. சீலின் உரசலில் அவை நிற்பதில்லை. வழக்கமான ஃபோர்க்கில் சீல் எட்டாத மேல் பகுதியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். கிளாம்ப் பிடிக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே பிடிமானம் குறையக் கூடாது. வெளிக்குழாய்க்குச் சாயம் ஏற்றிய ஆனோடைசிங்கே சரியான வழி.

மலை சைக்கிள் ஃபோர்க்ல கஷிமா கோட் இருக்கே, அதைப் பைக் பைப்புக்குப் போடலாமா?

போட முடியாது. கஷிமா என்பது ஜப்பானிலிருந்து வந்த ஒரு வகைக் கடின ஆனோடைசிங். ஆக்சைடு படலத்தின் நுண்துளைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உயவுப்பொருளை நிரப்பிவிடுகிறார்கள். ஃபாக்ஸ் நிறுவனத்தின் உயர்வகைச் சைக்கிள் ஃபோர்க்குகளில் உள்குழாயே அலுமினியம் என்பதால் அங்கே அது சாத்தியமாகிறது. மோட்டார் சைக்கிளின் உள்குழாய் எஃகு. எஃகில் இப்படி ஆனோடைஸ் செய்ய இயலாது. தலைகீழ் ஃபோர்க்கின் அலுமினிய வெளிக்குழாயின் உட்சுவரில், புஷ் உரசும் இடத்தில், அதற்கு வேலை உண்டு.

வண்டி விழுந்து பைப் லேசா வளைஞ்சிருக்கு. நிமிர்த்திட்டுக் கோட்டிங் போடலாமா, கோட்டிங்கோட நிமிர்த்தலாமா?

நிமிர்த்துவதாக இருந்தால் பூச்சுக்கு முன்பே. பூச்சோடு நிமிர்த்தினால் வளைவின் வெளிப்புறத்தில் படலம் குறுக்காக வரிவரியாக வெடிக்கும், குரோமும் அப்படியே. இரண்டு வி-பிளாக்குகளின் மேல் பைப்பை வைத்துச் சுழற்றி, டயல் கேஜில் வளைவை அளந்து, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் கொடுத்துள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். மடிப்பு விழுந்த பைப்பையோ, கிளாம்ப்புக்கு அருகில் வளைந்த பைப்பையோ நிமிர்த்தக் கூடாது. புதியது வாங்குங்கள்.

போட்டு வந்ததை வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மைக்ரோமீட்டரால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக விட்டத்தை அளந்து பாருங்கள். எண்கள் நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கிரைண்டிங் சரியில்லை. குழல் விளக்கின் பிம்பம் குழாயின் நீளத்தில் நெளியாமல் நேர்க்கோடாக ஓட வேண்டும். சீல் நுழையும் முனையில் கூர்மை இருக்கக் கூடாது.

பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நல்லது என்று நினைக்க வேண்டாம். சராசரிக் கரடுமுரடு 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை இருப்பது சீலுக்கு ஏற்றது. அதைவிட மிகவும் வழவழப்பாகிவிட்டால் எண்ணெய் நிற்க இடமில்லாமல், நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது சீல் ஒட்டிப் பிடிக்கும்.

குரோம் வேலையையே தடை பண்ணப் போறாங்கன்னு சொல்றாங்களே?

கவலை உலோகக் குரோமைப் பற்றியது அன்று. தொட்டியில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியத்தைப் பற்றியது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி பெறாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. நமக்கும் இது தொலைவான செய்தி இல்லை: ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, அந்தப் பகுதியின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. விமானச் சக்கரக் கால்களில் டங்ஸ்டன் கார்பைடைத் தீச்சுடரில் அதிவேகமாகத் தெளித்துப் பூசும் முறை குரோமின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. ஃபோர்க் பைப்புக்கு அது இன்னும் விலை கூடுதல். அதை அளவுக்குக் கொண்டுவர வைரச் சக்கரத்தில்தான் கிரைண்ட் செய்ய வேண்டும். பைப் கொடுக்கும் பட்டறையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இருக்கிறதா என்று கேட்பது வாடிக்கையாளரின் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் கேட்பேன்.

கழுவித் துடைக்க எதைப் பயன்படுத்தணும்?

சோப்பு நீரும் மென்துணியும் போதும். வீட்டுத் தரை, கழிவறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தது. குரோமை அது கரைக்கும். போர்ட்டிகோவை ஆசிட் ஊற்றிக் கழுவும் நாளில் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். குரோமில் லேசான துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். நிறப் பூச்சுள்ள பைப்பில் அதையும் மெட்டல் பாலிஷையும் தவிர்க்கவும்.

கல்லு பட்டு ஒரு இடத்துல கோட்டிங் பேர்ந்துடுச்சு. அந்த இடத்தை மட்டும் டச்-அப் பண்ண முடியுமா?

வெற்றிடத்தில் படிந்த படலத்தை ஓரிடத்தில் மட்டும் திரும்ப வளர்க்க முடியாது. முதலில் நகச் சோதனையைச் செய்யுங்கள். விளிம்பு தூக்கியிருந்தால், மிக நுண்ணிய எண்ணெய்க்கல்லால் அந்த விளிம்பை மட்டும் தட்டையாக்கி, குழியை எபாக்சிப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் குழாயோடு சமமாகத் தேய்த்துவிட்டால் சீல் பிழைக்கும், நிறம் திரும்பாது. சீல் போகும் பாதையில் இல்லாத பெயர்ச்சி என்றால், ஈரம் புகாமல் அடைத்துவிட்டு அப்படியே ஓட்டலாம்.

முழுவதும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய படலத்தைக் கழற்ற வேண்டும். டிஎல்சியை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரித்தும், டைட்டானியம் நைட்ரைடை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசலில் கரைத்தும் அகற்றுகிறார்கள். எந்தப் பூச்சு, அடியில் என்ன, எந்த ஆண்டு போட்டது என்று எழுதிய ரசீது இருந்தால் அந்தப் பட்டறைக்காரருக்கு வேலை பாதியாகும். இல்லாவிட்டால் பெரும்பாலோர் அடிக் குரோமையும் சேர்த்துக் கழற்றி, முதலிலிருந்து தொடங்குவதற்கான விலையையே சொல்வார்கள்.